சைபருக்கு வராத முள்

அவளுடைய வேலை அளவுமானிகளைச் சோதிப்பது. கொதிகலனின் அழுத்தமானி, மருந்துக் கம்பெனியின் தராசு, குளிர்கிடங்கின் வெப்பமானி என்று எது வந்தாலும் மேசையில் வைத்து, அது சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்து, பச்சைச் சீட்டோ சிவப்புச் சீட்டோ ஒட்டி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "கருவி பொய் சொல்லாது. மாட்டுனவங்கதான் பொய் சொல்லுவாங்க" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஊருக்குச் சொல்லும் புத்தி நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் பொது. அவளுக்கு மட்டும் விலக்கு கிடைக்குமா?

கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஐம்பத்தொரு வயதிலும் தொப்பை விழாத மனிதர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பிள்ளைகள் அவரை 'விசில்' என்றே சொல்லுவார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும் சக வாத்தியார்களைப் பற்றி அவர் செய்யும் கேலிக்கு அளவே கிடையாது. நான்கு வருடமாக இருவரும் தினமும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர் முன்னால் போய் எதிர்காற்றைத் தான் வாங்கிக்கொள்வார், அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வருவாள். கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருடம் நிறையும் ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு மேற்கே இருக்கும் மலைப்பாதையைப் பதினெட்டுக் கிலோமீட்டரும் இறங்காமல் ஏறி முடிப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

அதற்காகவே போன வருடம் நெஞ்சில் கட்டும் பெல்ட் இரண்டு வாங்கினாள். நெஞ்சுத்துடிப்பை எண்ணி, சைக்கிள் கைப்பிடியில் இருக்கும் சின்ன மீட்டருக்கு அனுப்பும் பெல்ட். தொழில் புத்தி விடுமா? ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டையும் மாறி மாறித் தானே கட்டிக்கொண்டு, தன் மீட்டரில் இணைத்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் கட்டினார். மூன்றாம் நாள், "என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? இதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க கட்டுறது" என்று கழற்றிப் போட்டார். ஸ்கூலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். நல்ல காரியம்தான் என்று அவளும் நினைத்தாள்.

கோளாறு தொடங்கியது ஆறு வாரத்துக்கு முன்னால். சமதரையில், பேசிக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தபோது மீட்டர் 163 என்றது. அடுத்த நொடி 97. பிறகு 158. மறுநாள் ஒரு மேட்டில் அவளுக்கு நாக்கு வெளியே தள்ளியது. மீட்டர் சாவகாசமாக 104 என்றது. அவர் வேகமெடுத்து முன்னால் பறக்கும்போது எண்ணே இல்லாமல் இரண்டு கோடு மட்டும் வந்தது.

அவள் அசரவில்லை. ஒரு நோட்டுப் போட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டு நாள் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். இது அவள் மேசையின் சட்டம். பெல்ட்டின் ரப்பர் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினாள். சரியாகவில்லை. பேட்டரி மாற்றினாள். இறுக்கிக் கட்டினாள். வியர்வை உப்புப் போக வெந்நீரில் அலசிக் கட்டினாள். காற்றில் படபடக்கும் நைலான் சட்டை உரசி மின்சாரம் உண்டாகுமோ என்று பருத்திச் சட்டைக்கு மாறினாள். செல்போனை வேறு பைக்கு மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் கட்டிப் பார்த்தால் மட்டும் பெல்ட் குணமாக 72 என்றது. கையில் நாடி பிடித்து எண்ணினாள்; அதுவும் 72.

புதுப் பேட்டரியை வாங்கிவந்ததே அவர்தான். "விட்டுத்தள்ளும்மா, சாமானே மட்டம்" என்றார்.

"சாமான் சரியாத்தாங்க இருக்கு. வீட்ல ஒழுங்கா எண்ணுதே" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் பட்டது. கருவி சரி என்றால் தப்பு எங்கே இருக்கிறது? அது கட்டியிருக்கும் நெஞ்சில்தான்.

அவளுடைய அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறவர். நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். நாற்பத்தேழு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இரு, ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பெல்ட்டுதான் பாப்பா கோளாறு. தண்ணி தொட்டுக் கட்டு."

"தொட்டுத்தான் அண்ணே கட்டுறேன். ரெண்டாம் பக்கம் பாரு, எழுதியிருக்கேன்."

"சரி, உன் மனசு ஆறணும்னா டிரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துருவோம்."

டெஸ்ட்டுக்குக் கணவர் கூடவே வந்தார். அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலை மீட்டர் 169 என்றது. ஆஸ்பத்திரி மெஷினுக்கே பிடிபடாத நோய் என்றால் அது எப்பேர்ப்பட்ட நோயாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்யத் தொடங்கினாள். அவருக்குச் சமையலறையைக் காட்டிக் கொடுத்தாள். குக்கரில் எதற்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில்; காஸ் தீர்ந்தால் யாருக்குப் போன் பண்ணுவது; வெளியூரில் படிக்கும் மகளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று அவளும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒருநாள் அவள் சொன்னபடியே குக்கர் வைத்தும் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலையை விட்டுவிடலாமா என்று அவள் இரண்டு மூன்று முறை நினைத்தாள். இந்த ஒரு நாளாவது அவரோடு ஏறிவிட வேண்டும், அப்புறம் வருவது வரட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார். அவள் கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போனாள். ஆறு வாரமாக இறுக்கிக் கட்டிக் கட்டி மார்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. ஏறும்போது இனி அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று தோன்றியது. பெல்ட்டை அவிழ்த்து, துடிப்பை எண்ணும் பொத்தானை அதிலிருந்து கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

வெளியே வந்தால் கைப்பிடியில் மீட்டர் 121 என்றது.

பழைய எண் உறைந்து நிற்கிறது என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 134 ஆனது. 109 ஆனது. 126 ஆனது.

தராசோ அழுத்தமானியோ மேசைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாரத்தை முழுக்க எடுத்துவிட்டு முள் சைபருக்கு வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால், வேறு எதுவோ அதை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நேற்றுச் சேர்ந்த ஆளுக்குக்கூட இது தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கருவிக்குக்கூட அவள் இதைத் தவறவிட்டதில்லை. தன் நெஞ்சு என்றதும் பயத்தில் அதை மறந்துபோனாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நாள் மிதித்திருந்தால் ஆறு வாரம் மிஞ்சியிருக்கும்.

பாரம் இல்லை, முள் ஆடுகிறது. அப்படியானால் யாருடைய துடிப்பு இது? அந்த மீட்டரில் அவள் இணைத்தது இரண்டே இரண்டு பெல்ட். காலையில் மீட்டரைப் போட்டதும் எந்த பெல்ட் முதலில் விழித்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்; அணைக்கும்வரை அதை விடாது. தினமும் அவளுக்கு முன்னால் குளியலறைக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறவர் அவர். எண் கோடாகிவிடுவதும் அவர் முன்னால் பறக்கும்போதுதான். அவள் மீட்டரைக் கைப்பிடியிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தாள்.

"டீ ஆறிப்போகுது பாரு" என்றார்.

"ஏங்க, உங்க பெல்ட்ட யாருக்குக் குடுத்தீங்க?"

"எந்த பெல்ட்டு?" 128. "அதுவா, ஸ்கூல்ல ஓடுற பிள்ளைக்கு. அன்னைக்கே சொன்னேனே." 141.

"எந்தக் கிளாஸ்?"

"ஒம்பதாவது." 152. "இப்ப எதுக்கு அதெல்லாம்?" 149, 160.

ஒரு மனிதர் பொய் சொல்வதைக் காதால் கேட்பது வேறு. எண்ணாக எண்ணிப் பார்ப்பது வேறு. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அதே சிரிப்பு, அதே விசில், அதே கம்பீரம். இருபத்தைந்து வருடமாக இந்த முகத்தைப் பார்த்துத்தானே எல்லாவற்றையும் நம்பினோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். சட்டைக்குள் இருந்த பெல்ட்டின் பொத்தான் விரலில் தட்டியது. சிரிப்பு நின்றுபோனது. அவள் மீட்டரை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

கையை எடுக்காமலே சொன்னார். ரெண்டு மாசமாகத் துடிப்பு தாளம் தப்புகிறது. மச்சான்தான் இ.சி.ஜி. எடுத்தார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெல்ட் கட்டிக் கவனிக்கச் சொன்னார்கள். சமதரையில் மெதுவாகப் போகலாம், மலை மட்டும் ஏறவே கூடாது என்றார்கள். "சொன்னா நீ மலையே வேணாம்னுருவ. ஊரெல்லாம் சிரிக்கும். விசிலுக்கே மூச்சு நின்னுபோச்சுன்னு."

"என் நோட்டப் பாத்தப்ப, அது உங்க எண்ணுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கு முந்திக்கொண்டு எண் பேசியது. 155, 131, 162.

"மொத நாளே தெரியும்" என்றார். "என் போன்லயும் அதே எண்ணுதானே வருது."

"அண்ணனுக்கு?"

"அவரத் திட்டாத. நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

அவருக்கு நோய் என்பதுகூட அந்த நேரம் அவளுக்கு உறைக்கவில்லை. டிரெட்மில்லில் அவள் மூச்சிரைக்க ஓடும்போது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதுதான் கண்முன் வந்தது.

"நான் சாகப்போறேன்னு நெனச்சேங்க" என்றாள். "குக்கர் சொல்லிக்குடுத்தேன். காஸுக்கு யாரக் கூப்பிடணும்னு எழுதி ஒட்டினேன். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனீங்களே. நல்ல மாணாக்கன் மாதிரி வச்சும் காட்டுனீங்களே."

"சொல்லிரலாம்னுதான் தினமும் நெனச்சேன்…"

அவள் மேலே கேட்கவில்லை. மீட்டரைக் கைப்பிடியில் மாட்டினாள், சைக்கிளில் ஏறினாள், வந்த வழியே மிதித்தாள். பின்னால் அவர் கூப்பிட்டார். திரும்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், மறைக்க உதவிய கூடப்பிறந்தவன், இரண்டு பேரும் இருக்கும் திசையே வேண்டாம் என்று மிதித்தாள். கைப்பிடியில் 147 என்றது. 158. 133. 166. பிறகு இரண்டு கோடு.

தூரம்தான் காரணம். அவர் இருபது மீட்டர் முன்னால் போனால் கோடு வருகிறது என்று அவளே நோட்டில் எழுதியிருக்கிறாள், தேதியோடு. நன்றாகத் தெரியும். ஆனாலும் கால் மிதிக்க மறுத்தது. நின்றாள். பின்னால் கூப்பிடும் குரலும் நின்றிருந்தது. அந்த இரண்டு கோட்டையும் பார்த்தபடி ஐந்து எண்ணினாள், பத்து எண்ணினாள். பதினொன்று எண்ண முடியவில்லை. சைக்கிளைத் திருப்பி, கடையை நோக்கித் தள்ளிக்கொண்டே ஓடினாள். கடை வாசலில் எண் திரும்ப வந்தது. 151.

அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், கை நெஞ்சில். முகம் வெளுத்திருந்தது. அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்ன பாப்பா, காலங்காத்தால? மறுபடியும் அந்த பெல்ட்டா?"

"பெல்ட்டு சரியாத்தான் இருக்கு அண்ணே. மலையடிவாரத்துல டீக்கடை. ஆம்புலன்ஸோட வா." அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் வைத்துவிட்டாள்.

பெஞ்சின் மறு ஓரத்தில், மீட்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 138. 119. 144. ஒரு எண் மாறி இன்னொன்று வருவதற்குள் அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

"என்னப் பாரும்மா" என்றார் அவர். "ஒரே ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்…"

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க பேசாதீங்க" என்றாள். "அது பேசட்டும்."