சீதனத்துக்கு ஆகாத வீடு

உயரம் என்றால் எனக்குப் பயம். பல்ப் மாற்றக் கதிரையில் ஏறினாலே என் மனைவி சபீனா வந்து காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நான்தான் புளியந்தீவில் ஒரு உச்சி மாடி வீட்டை விற்றுத் தருவதாகப் பொறுப்பேற்றேன். ஏறாவூரில் பஹ்மி புரோக்கர் என்றால் துணிச்சல்காரன் என்று பெயர். பெயர் வைத்தவனும் நான்தான்.

கோட்டைக்குக் கிட்ட, பழைய நெல் களஞ்சியம் ஒன்றை இடிக்காமல் அதன்மேல் மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். உச்சியில் இருந்ததை அதன் சொந்தக்காரர் 'பென்ட்ஹவுஸ்' என்றார். உள்ளே மர ஏணியில் ஏறிப் போகிற ஒரு லொஃப்ட். வெளியே வாவியைப் பார்த்தபடி மொட்டைமாடி. "இங்கே நின்றால் வாவி உங்கள் காலடியில், கோட்டை கைக்கெட்டும் தூரத்தில்" என்று பேஸ்புக்கில் விளம்பரம் போட்டேன். நான் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. கதவுக்கு உள்ளே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டிப் படம் எடுத்தேன். பலதில் என் கட்டைவிரல்தான் விழுந்திருந்தது.

பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் வாங்கவில்லை. பிறகுதான் காத்தான்குடியிலிருந்து ஸுஹைனா வந்தார். கட்டாரில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர், கல்யாணம் செய்யாதவர், நாற்பதைத் தாண்டிய வயது. நான் டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். லிஃப்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை அவர் மரியாதை என்று நினைத்திருக்கலாம்.

லொஃப்டை அண்ணாந்து பார்த்து, "இதில என்ன காக்கா செய்யிற?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"வெளிநாட்டில எல்லாம் இப்ப இதுதான் தங்கச்சி" என்றேன். எனக்கும் தெரியாது.

அவர் கைப்பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். "வாங்க காக்கா, கோட்டை எங்க இரிக்கெண்டு காட்டுங்க."

ஒரு பெண் கூப்பிடும்போது போகாமல் இருந்தால் துணிச்சல்காரன் பெயர் என்னாவது? ஒரே ஓர் அடி வெளியே வைத்தேன். வாவிக் காற்று கதவை அறைந்து சாத்தியது. கட்டினவர்கள் வெளிப்பக்கம் கைப்பிடி வைக்க மறந்திருந்தார்கள். என் போன் உள்ளே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவருடையது கைப்பையில்.

நான் கதவோடு சாய்ந்து அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்து, மழைநீர்க் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இதில கோட்டை எது?"

கண்ணைத் திறக்காமலே ஒரு பக்கம் கையைக் காட்டினேன்.

"அது தண்ணித் தாங்கி, காக்கா."

அவர் எட்டிப் பார்த்துக் காவலாளி இல்ஹாமைக் கூப்பிட்டார். கதிரை காலி. சாப்பிடப் போயிருந்தான். அவர் திரும்பி வந்து எனக்கு எதிரே சம்மணம் கட்டி உட்கார்ந்தார். வெயிலுக்கு முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க. கதைச்சிக்கிட்டிருந்தா நேரம் போயிரும். இந்த வீட்டில என்ன குறை? உள்ளதச் செல்லுங்க."

சாகப்போகிறவன் பொய் சொல்லமாட்டான் என்பார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கரண்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடும். மழைக்கு லொஃப்ட் ஒழுகும். படிக்கட்டு ஒடுக்கம், பெரிய அலுமாரி, கட்டில் எதுவும் மேலே வராது. வாகனம் விட இடமில்லை.

ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

"நான் ரெண்டு வீடு கட்டினன் காக்கா" என்றார். "முதல் வீடு பெரிய தங்கச்சிக்குச் சீதனமாப் போயிட்டு. அடுத்தது சின்னவளுக்கு. இப்ப அவள்ட பின்னறையில இரிக்கன். ஆக்கள் வந்தா அந்த அறையையும் விட்டுக் குடுக்கணும். மூணாவதா ஒண்டு கட்டினா சின்னவள்ட மகளுக்கு எண்டு இப்பவே கதைக்கிறாங்க." என் பக்கம் குனிந்தார். "இந்த வீட்ட ஆராச்சும் சீதனமாக் கேப்பாங்களா?"

புரோக்கர் மூளை பயத்திலும் வேலை செய்தது. "கட்டில் ஏத்தேலாத வீட்ட எந்த மாப்பிள்ளை கேப்பான்?"

"அப்ப எனக்கு இதுதான் வேணும்."

என் வாழ்க்கையின் மிகப் பெரிய வியாபாரம் அது. குழாயை விட்டால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் என்னால் கைகூட உயர்த்த முடியவில்லை.

இல்ஹாம் ஒருவழியாக வந்து, ஸுஹைனா கூப்பிடும் சத்தம் கேட்டுப் படியேறி, உள்ளிருந்து கதவைத் திறந்தான். நான் நாலு காலில் தவழ்ந்து உள்ளே போனேன்.

"என்ன சேர், ஏதும் விழுந்திட்டா?"

"ஓம், கண்ணாடி. எடுத்திட்டார்" என்றார் ஸுஹைனா. நான் கண்ணாடி போடுவதில்லை.

குறையைச் சொன்னால் வீடு விற்கும் என்ற ஞானம் பிறந்து, ஏறாவூரில் இன்னொரு வீட்டுக்கு, "அடுத்த வீட்டில் சேவல் அதிகம்" என்று உள்ளபடி விளம்பரம் எழுதினேன். வாங்க ஒருவரும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்.

ஸுஹைனா குடிபுகுந்த அன்று எனக்கும் சபீனாவுக்கும் அழைப்பு. கரண்ட் இல்லை. சின்னத் தங்கையும் அவள் கணவன் மின்ஹாஜும் படியேறி வந்து, பேச்சு வராமல் தண்ணீர் கேட்டார்கள். மின்ஹாஜ் மூச்சு வந்ததும் என்னை ஓரமாக அழைத்தான்.

"இதுக்குக் கீழ் மாடி விலைக்கு இரிக்காமே? மகளுக்கு நல்லம். மதினியே பார்த்து வாங்கிக் குடுப்பா."

வட்டிலப்பத் தட்டோடு ஸுஹைனா எங்களுக்குப் பின்னால் நின்றார். தட்டு அசையவில்லை.

"அது போன கிழமையே வித்தாச்சே தம்பி" என்றேன்.

ஸுஹைனா எனக்கு இரண்டு துண்டு வைத்தார்.

திரும்பும்போது சபீனா படியில் நின்று என்னைப் பார்த்தாள். "கீழ் மாடிய எப்ப வித்தீங்க? ஒண்டும் செல்லல்லயே?"

நான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

"தரைக்குப் போய்ச் செல்றன்" என்றேன்.