வளைவில் கை காட்டியவர்

லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு பத்து வருஷம் கெஞ்சியும் கிடைக்காத ஸ்டியரிங், கேட்காத ஒரு நாளில் தானாகக் கைக்கு வந்தது. அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி, "இன்னைக்கு நீயே ஓட்டு" என்று புருஷன் இறங்கியபோது, மனுஷனுக்கு என்ன வந்தது என்று தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்று இத்தனை நாள் அவள் வாயை அடைத்தவர் இவர்தானே. மலை மேல் ஆளொழிந்து கிடக்கும் சுரங்க ஊரைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. பாறையில் ஒட்டிக்கொண்டே ஏறிவிடுவார் என்பதால் மலைப்பல்லி என்றுதான் அவருக்குப் பேர். ஏன் எதற்கு என்று கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து, அவள் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

கடைசி வளைவில் ஏற்றம் செங்குத்து. வண்டி மூக்கைத் தூக்கினால் முன்கண்ணாடியில் வானம்தான் தெரியும், பாதை பானெட்டுக்கு அடியில் மறைந்துவிடும். யாராவது முன்னால் நின்று கை காட்ட, அந்தக் கையை நம்பி ஏற வேண்டும். அந்த மலையில் எல்லா டிரைவர்களும் அப்படித்தான்.

"என் கையை மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய் நின்றார். வா, வா என்றது கை. கொஞ்சம் இடது. வா. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தாள்.

இடது முன்சக்கரம் சரக்கென்று இறங்கியது. கற்கள் உருளும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இடதுபக்கம் எட்டிப் பார்த்தாள். மழை பாதையின் ஓரத்தைத் தின்றிருந்தது. பாதி டயர் அந்தரத்தில் நின்றது. கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. நிமிர்ந்தால், கை இன்னும் வா, வா என்கிறது.

மலைப்பக்கமாக இறங்கி அவரிடம் நடந்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்ததில் காலடி கேட்டிருக்காது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். அவர் ஜீப்பையே பார்த்து, "வா, பயப்படாத. இன்னும் நிறைய இடம் இருக்கு" என்று வெறும் சீட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே.

"நான் இங்க நிக்கிறேங்க."

கை பாதியில் நின்றது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அதைக் கீழே இறக்கினார்.

"தூசி" என்றார். "கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான். பாதை எனக்கு மனப்பாடம்."

"போன வாரம் ஒரு குடும்பத்தையே ஏத்திட்டு வந்தீங்களே. கைக்குழந்தை இருந்துச்சு. நான்தான் தலகாணி குடுத்தேன்."

"பத்திரமாத்தானே எறக்கிவிட்டேன்? ஞாயித்துக்கிழமையும் ஆள் வருது, சரின்னு சொல்லிட்டேன். நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். யாருக்குத் தெரியப்போகுது."

ஸ்டியரிங் கைக்கு வந்தது இதற்குத்தானா? அடப்பாவி மனுஷா என்று வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். டயருக்கு அடியிலிருந்து இன்னொரு கல் கழன்று விழுந்தது. அவர் தலை அந்தச் சத்தத்துக்குக்கூடச் சரியான பக்கம் திரும்பவில்லை.

"உடனே குருடன்னு முடிவு கட்டிடாத" என்றார். இப்போது குரலில் கோபம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிடந்த ஊரை நோக்கி விரலை நீட்டினார். "தோ பாரு. ரெண்டு வரிசை வீடு. நடுவுல உசரமா புகைபோக்கி. இருக்கா இல்லையா, நீயே சொல்லு. போன வாரம் வந்தவங்களுக்கும் இங்க நின்னுதான் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு."

அவள் பார்த்தாள். கூரையில்லாத வீடுகள் இரண்டு வரிசையாக இருந்தன. நடுத்தெருவில் புகைபோக்கி நீளவாக்கில் விழுந்து கிடந்தது. செங்கல் இடுக்கில் புல்கூட முளைத்திருந்தது. அதற்கு மேலே, வெறும் வானத்தில், அதன் உச்சி நின்றிருந்த இடத்தைக் காட்டியபடி அவர் விரல் கொஞ்சமும் ஆடாமல் நின்றது.