மேல் தட்டு எலிகள்

கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அவற்றைப் பராமரிக்கும் டார்லீன் அதை ஒருநாளும் மீறியதில்லை. மீறியது வேறொன்றை.

புது ஆன்டிபயாடிக் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மேல் தட்டுக் கூண்டுகளுக்கு மருந்தின் அளவு அதிகம். சில ஊசிகளிலேயே அந்த எலிகள் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் ஒடுங்கிவிட்டன. வாயில்லா ஜீவன்கள், யாரிடம் போய்ச் சொல்லும்? அவள் கணவன் வெர்னும் இப்படித்தான் கிடந்தான். கால் புண்ணுக்குப் போட்ட ஊசி அவன் சிறுநீரகத்தைத் தின்று ஆளையும் கொண்டுபோனது. டார்லீனுக்கு மனசு கேட்கவில்லை. கூண்டு சுத்தம் செய்யும் சாக்கில், ஒவ்வொன்றுக்கும் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினாள். உடம்பில் நீர் இருந்தால் மருந்தின் கடுமை தணியும். எலிகள் எழுந்து நடமாடின.

சோதனை முடிந்து அவற்றைக் கொன்று அறுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர் மால்கம், கையுறையோடு ஓடிவந்தார்.

"கிட்னி எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, டார்லீன். அடுத்து மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்க வேண்டியதுதான். நீ ஏன் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. வாயை மூடிக்கொண்டால் வேலை போகாது. ஆனால் எங்கோ இன்னொரு வெர்ன் சாவான்.

"நான் சலைன் ஏத்தினேன், மால்கம். மேல் தட்டு முழுக்க. தினமும்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உன்னை யார் ஏத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பார்க்கச் சகிக்கலை."

"அப்ப இதுங்க செத்தது அத்தனையும் வீண். புரியுதா? திரும்ப முதல்லேர்ந்து செய்யணும். இன்னும் இத்தனை எலி வேணும்."

அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மேலிடத்துக்குச் சொல்லியாகணும். வேற ஆள் வர்ற வரைக்கும் நீதான் பார்த்துக்கணும்," என்றார். "ஆனா ஊசியைத் தொடாதே."

புது எலிகள் வந்தன. மருந்து ஏற ஏற மேல் தட்டில் ஒன்று முதலில் கூனியது. டார்லீன் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தாள். அது அவள் விரலை நக்கியது. பிறகு திரும்பக் கூண்டில் விட்டு, கதவைச் சாத்தினாள்.