பெயர் விரும்பாத நல்லடியார்

சங்கரசுப்பிரமணியன் கோப்பை மூன்றாவது முறையாகப் புரட்டினார். மேசைக்கு எதிரே நின்ற மைதீன்பிச்சை, தாள்கள் புரள்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில், அரசு ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்யும் அலுவலகம். வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு சுருக்கமாகச் சொன்னது: அசல் சான்றுகளைக் காட்ட இன்றே கடைசி நாள், மாலை ஐந்தரை வரை. தவறினால் அடுத்த வருடம்.

"எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கீரு பாய். தாசில்தார் சான்று இருக்கு, ஜி.எஸ்.டி. இருக்கு. கட்டடம் கட்டுனதுக்குச் சான்று எங்க?"

"அதான் சார், சவுதியில, தம்மாம்ல பதினாறு வருசம் ஃபோர்மேனா இருந்தேன். கம்பெனி குடுத்த கடுதாசி கடைசியில இருக்கு."

"அது அரபியில இருக்கு."

"பின்பக்கம் இங்கிலீசும் இருக்கு சார்."

"இருந்துட்டுப் போகுது. அங்க நீரு அம்பது மாடி கட்டியிருப்பீரு. இங்கன அது செல்லாது. அஞ்சு வருசத்துக்குள்ள, நம்ம ஊர்ப்பக்கம், உம்ம பொறுப்புல கட்டி முடிச்ச பெரிய கட்டடம் ஒண்ணே ஒண்ணு வேணும். கட்டச் சொன்னவங்க முத்திரை வச்சு எழுதித் தரணும். பெறகு எங்க இன்ஜினியர் வந்து பாப்பாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றுதான் அவரிடம் இல்லை.

ஊருக்கு வந்த நாலு வருடத்தில் வீடுகள் கட்டினார். ஆனால் கையெழுத்து என்றதும் வீட்டுக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். வரைபடத்தில் இருந்த அனுமதி ஒன்று, அவர்கள் கட்டச் சொன்னது வேறொன்று. யார் அதைக் காகிதத்தில் ஒப்புக்கொள்வார்கள்?

பதிவு கிடைத்தால் ஊரிலேயே பிழைப்பு. கிடைக்காவிட்டால் தம்மாம். பழைய கம்பெனி விசா அனுப்பிப் பத்து நாளாகிறது; நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயது, இடது முழங்காலுக்குள் இரும்புத் தகடு. அந்தக் காலோடு திரும்பவும் அந்த வெயிலில் சாரம் ஏற வேண்டும். மனைவி நஃபீஸத் காலையில் அவர் சட்டைப் பையில் பேனாவைச் சொருகி விட்டாள்.

"சார், ஒரு கட்டடம் இருக்கு," என்றார் மைதீன்பிச்சை. சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்குல்லா? பெறகு என்ன. அஞ்சரைக்குள்ள சான்றோட வாரும்."

*

சொல்லியிருக்கக் கூடாதுதான்.

ஆறு வருடத்துக்கு முன் தம்மாமில் சாரம் முறிந்து, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார் மைதீன்பிச்சை. கூட விழுந்த இருவரும் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே ஒரு நிய்யத்து, மனசுக்குள் ஒரு நேர்ச்சை, வைத்தார். உயிர் தப்பி ஹயாத்தோடு ஊர் சேர்ந்தால், மேலக்கரைப்பேட்டைப் பள்ளிவாசலுக்குத் தன் உழைப்பில் ஒரு கல்யாண மண்டபம் கட்டித் தருவது. கட்டியவன் பெயரை யாரும் அறியக் கூடாது. வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியாமல் இருந்தால்தானே தர்மம்?

ஊர் வந்த முதல் வருடமே அப்படியே கட்டினார். சிமெண்டும் கம்பியும் ஜமாத் நன்கொடையாகத் திரட்டியது. கொத்தனார்களும் சித்தாள்களும் வெளியூரிலிருந்து வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்து போகும் பலரில் ஒருவராகவே ஊர் அவரை நினைத்தது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: ஜமாத் தலைவர் பாவா, அப்போது செயலாளராக இருந்த தாஜ் முகம்மது, நஃபீஸத். மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். தாஜ் வேறு யாருமில்லை, அவர் தங்கை பாத்துவின் கணவன்.

மண்டப வாசலில் நன்கொடையாளர் பலகை தொங்குகிறது. சிமெண்டு தந்தவர் பெயர், மின்விசிறி தந்தவர் பெயர், பாத்திரம் தந்தவர் பெயர் எல்லாம் உண்டு. கடைசி வரி மட்டும் இப்படி: 'கட்டுமானம் – பெயர் விரும்பாத நல்லடியார்'.

அந்த வரியைத்தான் இப்போது உடைக்கப் போகிறார்.

பேட்டை, சுத்தமல்லி, சேரன்மகாதேவி என்று பைக் பறந்தது. வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏறி இறங்கியபோது முழங்கால் தகடு சுள்ளென்றது. மதிய ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஊர் சேர்ந்தார். தொழுகையில் மனம் நிற்கவில்லை.

தொழுகை முடிந்து பாவா பள்ளிவாசல் அறையில் தனியாக அமர்ந்ததும் போய் நின்றார். எழுபதைத் தாண்டிய பாவா முழுக்கதையையும் கேட்டார். பிறகு தாடியைத் தடவினார்.

"ஏலே மைதீனு. குர்ஆன் மேல கை வைக்கச் சொன்னது நானாலே, நீயாலே?"

"நாந்தான் மாமா."

"நான் செத்து மவுத்தானாலும் சொல்லக் கூடாதுன்னு சொன்னது?"

"நாந்தான்."

"இப்ப வந்து சொல்லுன்னு நிக்குத. வெளிய சொன்னா அந்த நன்மை போயிரும், தெரியும்லா?"

"தெரியும் மாமா. போனாப் போகுது. நான் ஊர்ல இருந்து பிழைக்கணும். இந்தக் காலோட அங்கன போய் என்னால முடியாது."

பாவா மேசை இழுப்பறையைத் திறந்து ஜமாத்தின் தாளை எடுத்தார்.

"நீ குடுத்த வாக்கு, நீயே திரும்ப வாங்கிக்கிடுத. அதுக்கு நான் என்ன செய்ய. எழுதித் தாரேன். ஆனா ஒண்ணு. பள்ளிவாசல் முத்திரை விழுந்த கடுதாசியில ஒண்ணும், வாசப் பலகையில வேற ஒண்ணும் இருக்கக் கூடாது. நாளைக்கு இன்ஜினியரு வந்து நின்னு, யாருவே இந்த நல்லடியாருன்னு கேட்டா ஜமாத்துக்கு அசிங்கம். அம்பாசமுத்திரத்துல இருந்து பெயிண்டர் ஐயம்பெருமாளை இன்னைக்கே வரச் சொல்லுதேன். பலகையிலயும் ஒம் பேரை எழுதிருவோம்."

மைதீன்பிச்சை தலையை ஆட்டினார். முத்திரை தாளில் விழுந்த சத்தம், அவர் வைத்த நிய்யத்தின் மேலேயே விழுந்தது போலிருந்தது.

*

நாலு நாற்பதுக்குச் சான்று மேசைக்கு வந்துவிட்டது.

"பரவாயில்லையே," என்றார் சங்கரசுப்பிரமணியன். "அஞ்சு இருபத்தொம்பதுக்கு வேர்த்து விறுவிறுத்து வருவீருன்னுல்லா நெனச்சேன்." கட்டடத்தின் கதவு எண்ணைக் கணினியில் தட்டினார். தட்டியவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார்.

"பாய், இந்தக் கல்யாண மண்டபத்தைக் கட்டுனது யாரு?"

"நாந்தான் சார்."

"சத்தியமா?"

"சத்தியத்தை மீறித்தான் சார் வந்து நிக்கேன்."

சங்கரசுப்பிரமணியன் எழுந்தார். பின்னாலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் நோட்டம் விட்டு, மைதீன்பிச்சையின் பக்கம் திருப்பி வைத்தார்.

அதே ஜமாத்தின் தாள். அதே முத்திரை. அதே கதவு எண். மேற்படி மண்டபத்தைத் தம் சொந்தப் பொறுப்பில் கட்டி முடித்தவர் என்று எழுதி, அதன் கீழே ஒரு பெயர்.

தாஜ் முகம்மது.

தேதி போட்டு மூன்று வருடமாகிறது. தாள்கட்டும் முத்திரையும் செயலாளர் கையில் இருந்த காலம். தாஜ் திடீரென்று அரசுக் காண்டிராக்டர் ஆனது எப்படி என்று ஊரே வியந்தது உண்டு. மைதீன்பிச்சைகூட அன்றைக்கு அல்வா வாங்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையைப் பாராட்டிவிட்டு வந்தார்.

"இன்ஜினியர் நேர்ல போய்ப் பாத்தாரா சார்?" குரல் அவருடையது போலவே இல்லை.

"பாத்திருக்காரு. குறிப்பும் இருக்கு, கேளும். 'வாசல் பலகையில் கண்டுள்ள பெயர் விரும்பாத நல்லடியார் தாமே என விண்ணப்பதாரர் நேரில் தெரிவித்தார்.'" சங்கரசுப்பிரமணியன் கோப்பை மூடினார். "ஒரு கட்டடத்துக்கு ரெண்டு காண்டிராக்டர் இருக்க முடியாதுல்லா. ரெண்டுல ஒண்ணு போலி. உம்ம சான்றை நான் வாங்கி எண் போட்டா விசாரணை வரும். அந்த ஆளு பதிவு போயிரும், போலீஸ் கேஸும் ஆகும். உமக்கு ஆறு மாசமோ ஒரு வருசமோ கழிச்சு நியாயம் கிடைக்கலாம்."

"வாங்கலைன்னா?"

"திருப்பி எடுத்துட்டுப் போயிரும். நான் இதைப் பாக்கவே இல்ல. யாருவே அந்த தாஜ் முகம்மது? பழக்கமா?"

"தங்கச்சி மாப்ள."

சங்கரசுப்பிரமணியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஐந்து நிமிடம்.

வராந்தாவுக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பிலேயே பாத்து பொரிந்தாள்.

"காக்கா, பொண்ணு கல்யாணத்துக்கு ஒன்பதே நாள் கெடக்கு, தாய்மாமன் இன்னும் எட்டிப் பாக்கல. மண்டபத்துல பந்தி எத்தனை போடணும்னு இவுக கேக்காவ. நம்ம ஜமாத் மண்டபம், மேற்பார்வை பாத்த நீங்க சொன்னாத்தான் சரியா வரும்."

"மாப்ளகிட்ட குடும்மா."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. தாஜின் மூச்சு கேட்டது.

"மாப்ளே, நான் பாளையங்கோட்டை ஆபீஸ்ல நிக்கேன். ஒம்ம கோப்பைப் பாத்தேன்."

பாத்துவின் பேச்சுச் சத்தம் தேய்ந்தது. தாஜ் வாசலுக்கு வந்திருக்க வேண்டும்.

"மச்சான், நீங்கதான் பேரு வேண்டாம்னீங்க," என்றான் தாழ்ந்த குரலில்.

"அதுக்கு?"

"கேக்க ஆளில்லாம சும்மா கெடந்த பேருதானே. உங்களுக்கு எதுவும் கொறையலையேன்னு நெனச்சிட்டேன். வீடு கட்டுத நீங்க கவர்மெண்டு காண்டிராக்டுக்கு வருவீங்கன்னு யாரு கண்டா? தம்மாம்ல ராசா மாதிரி இருந்த ஆளு." குரல் உடைந்தது. "பாத்துக்குத் தெரியாது மச்சான். மாப்ள வீட்டுக்காரங்க என் லைசென்ஸைப் பாத்துத்தான் சம்மதிச்சாவ. நீங்க என்ன செஞ்சாலும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

மைதீன்பிச்சைக்குத் திட்டுவதற்கு ஒரு சொல் வேண்டுமே. தேடித் தேடிப் பார்த்தார். சிக்கவில்லை. போனை அணைத்தார்.

சன்னல் வழியே தெரிந்த சங்கரசுப்பிரமணியன் முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் ஒற்றுவதும், இவரைப் பார்ப்பதும், கட்டையைக் கீழே வைப்பதுமாக இருந்தார். ஐந்து பத்து. ஐந்து இருபது. வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நொண்டி நொண்டி நடந்தார் மைதீன்பிச்சை. எண் போட்டால் பாத்து மகள் கல்யாணம் நிற்கும். தங்கை புருசன் கம்பி எண்ணுவான். போடாவிட்டால் சாரம்.

ஐந்து இருபத்தெட்டுக்கு உள்ளே போனார். சான்றை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் வேற ஏதாச்சும் கட்டிட்டு வாரும்," என்றார் சங்கரசுப்பிரமணியன். அவர் முகத்திலும் தெம்பில்லை. "இந்தத் தடவை ரசீதோட கட்டும்."

*

பாதி வழியில்தான் பலகை ஞாபகம் வந்தது.

பைக்கை முறுக்கினார். மண்டப வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஏணியின் உச்சியில் ஐயம்பெருமாள் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே நாற்காலியில் பாவா. தூண் ஓரத்தில், முகம் வெளிறிப் போய் தாஜ் முகம்மது.

பலகையின் கடைசி வரி பச்சை பெயிண்டில் பளபளத்தது. 'கட்டுமானம் – ச. மைதீன்பிச்சை'.

ஒன்பது நாளில் கல்யாணம். தாஜ் அழைத்திருக்கும் அரசு இன்ஜினியர்கள் எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் பந்திக்குப் போவார்கள்.

"வாலே, எழுத்து எப்படி இருக்கு, ஒனக்குத் திருப்திதானா?" என்றார் பாவா.

"மாமா, அழிச்சிரச் சொல்லுங்க."

"என்னதுலே?"

"பேரு வேண்டாம் மாமா. பழையபடியே இருக்கட்டும்."

பாவா நாற்காலியை விட்டு எழுந்தார். "மத்தியானம் வந்து கண்ணைக் கசக்குத. என்னைய சத்தியத்தை உடைக்க வச்ச. இப்ப வேண்டாம்னு சொல்லுத. என்னலே நெனச்சிருக்க? பள்ளிவாசல் முத்திரை ஒனக்கு வெளையாட்டா? என்ன நடந்துச்சு, சொல்லு."

மைதீன்பிச்சை வாயைத் திறந்தார். தாஜ் தூணைப் பற்றிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணும் நடக்கல மாமா. எனக்கு மனசு வரல. தம்மாமுக்கே போறேன்."

"ஒனக்கு நெலையான புத்தியே கிடையாது. இனிமே எதுக்கும் ஏங்கிட்ட வந்து நிக்காதே." பாவா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று பள்ளிவாசலுக்குள் போனார். அவர் போகும்வரை தாஜ் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஐயம்பெருமாள் ஏணியிலிருந்து இறங்கினார். "நான் இன்னொரு தடவை ஏற மாட்டேன் அண்ணாச்சி, கை ஓஞ்சு போச்சு. பெயிண்டு காயல. டர்ப்பண்டைன்ல துணியை நனைச்சுத் துடைச்சாப் போயிரும். காலையில வந்து பழைய வரியை எழுதித் தாரேன்."

மைதீன்பிச்சை துணியை வாங்கிக்கொண்டார். இடது காலைத் தூக்கி ஏணியின் முதல் படியில் வைத்தார். தகடு சுள்ளென்றது. தாஜ் ஓடி வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

பாதி பெயர் அழிந்திருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. நஃபீஸத்.

"என்னங்க, கெடச்சிட்டா?"

ஏணியிலிருந்து கீழே பார்த்தார். தாஜ் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பாஸ்போர்ட்டை எங்க வச்சிருக்க?" என்று கேட்டார் மைதீன்பிச்சை.

அந்தப் பக்கம் பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பீரோவுலதான் இருக்கு," என்றாள் நஃபீஸத். "பையப் பைய வாங்க, கால் வலிக்கும்."