ரோஸ்விதாவின் கல்லில் இருந்த பெயர்

எங்கள் டெக்ஸஸ் மூலையில் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் புல் கிடையாது. தண்ணீர் இல்லாத ஊரில் புல்லை வளர்த்துப் பார்த்துச் சலித்துப்போய், சரளைக் கல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். அதைத் திட்டாத ஆள் ஊரில் இல்லை. எனக்கு மட்டும் பிடிக்கும். செத்த பிறகும் தலைமாட்டில் புல் வெட்டும் சத்தம் கேட்க வேண்டுமா என்ன?

ஞாயிறுதோறும் டோலரெஸ் குயின்டானாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நான் அங்கே போவேன். அவளுக்கு முழங்கால் சரியில்லை. எனக்கு வேறு வேலை இல்லை. அவளுடைய மனைவி ரோஸ்விதாவின் கல்லைத் துடைத்து, பூ வைத்து, சற்று நேரம் நிற்போம். பிறகு ஏதாவது ஒரு கடையில் சூடாக மெனூதோ என்கிற மாட்டுக்குடல் சூப்பு.

கல்லில்தான் வம்பு. சிப்பாயின் மனைவி முந்திக்கொண்டால் அவள் பெயருக்குக் கீழே 'இன்னாரின் மனைவி' என்று செதுக்குவார்கள். அந்த இன்னாரின் பெயரை, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் பத்திரத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். டோலரெஸ் பட்டாளத்தில் சேர்ந்தபோது அவளை எல்லோரும் ஆண்பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள், அதற்கேற்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. ரோஸ்விதா போன பிறகு கோர்ட்டு பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டது. லைசென்ஸ் மாறிவிட்டது. பாங்கு மாறிவிட்டது. மாதா கோயில் பாதிரியார்கூட முக்கி முனகி மாறிவிட்டார். பட்டாளத்துப் பத்திரம் மட்டும் மாறவில்லை. ஆகவே கல்லில் ரோஸ்விதா இன்னும் அந்த ஆண்பிள்ளையின் மனைவியாகவே கிடந்தாள்.

அடுத்த வரிசையில் எவுலாலியா பர்ராஸா என்ற அம்மாள் மடக்கு நாற்காலி போட்டு, ஜெபமாலையோடு தன் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை பார்த்தபோதே கல்லை எட்டிப் பார்த்துவிட்டு, "உன் அக்காவா மகளே?" என்று கேட்டாள். டோலரெஸ் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி.

"அக்கா போயிட்டா வீடு வெறிச்சோடித்தான் போகும். ஆனா ஒண்ணு கேக்கறேன், இந்தக் கல்லுல இருக்கானே, அவ புருஷன், ஒரு நாளாவது இங்க வந்தானா? கட்டுனவள மண்ணுல போட்டுட்டு எவ கூடச் சுத்தறானோ! நன்றிகெட்டவன்!"

வாராவாரம் இதுதான் பாட்டு. டோலரெஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் காரில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள்:

"குக்கோ, என் பொண்டாட்டி தலைமாட்டுல நின்னுக்கிட்டு நான் யாருன்னு சொல்ல முடியல. அந்தப் பேரு மாறணும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள மாறணும். இல்லேன்னா நான் செத்ததும் இதே கல்லோட முன்பக்கம் எனக்கும் அதையேதான் வெட்டுவாங்க."

"பட்டாளத்துக்கு எழுதிப் போட்டுடுவோம்" என்றேன். சொல்வது சுலபம்.

முதல் பதில் வந்தது. பத்திரத்தை மாற்றவில்லை, கூடவே வைத்துக்கொள்ள ஒரு துண்டுத்தாள் அனுப்பியிருந்தார்கள். இந்தப் பெயரை அடித்துவிட்டு இந்தப் பெயரை எழுதிக்கொள்ளவும் என்று பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில்.

டோலரெஸ் சிரித்தாள். "முன்னாடி யாராவது கேட்டாத்தான் தெரியும். இப்ப இந்தத் தாளு கேக்காமலே தண்டோரா போடுது." அந்தத் துண்டுத்தாளை வைத்துக்கொண்டு கல்லைத் தொட முடியாது, மூலப் பத்திரமே மாற வேண்டும் என்று தோட்டத்து அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள்.

முன்னாள் சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் வாண்டா என்றொரு பெண்மணி இருந்தாள். மேலே ஒரு வாரியம் இருக்கிறது, அதற்கு மனு போட்டால் பத்திரத்தையே புதிதாக அடித்துக் கொடுப்பார்கள், கூட வேலை பார்த்தவர் யாராவது கடிதம் கொடுத்தால் நல்லது என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர வருத்தமாக இருந்தது. ஜெர்மனியில் பாம்பெர்க்கில் நானும் அவளும் பட்டாளத்தில் ஒரே லாரிப் பட்டறையில் கிடந்தோம். விடியலில் பனி பட்டு இரும்பு கையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே அடுப்பில் காப்பி, ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுப்பது, என் அம்மா அனுப்பும் மிளகாய் வற்றலை ஒளித்து வைத்துத் தின்பது. சட்டையில் பெயர்ப்பட்டை தைக்கும் கடை ஒன்று வாசலுக்கு எதிரே இருந்தது. ரோஸ்விதா அங்கேதான் தைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் தைத்த பட்டையைப் பிரித்துவிட்டு, பிய்ந்துபோச்சு என்று அவளிடம் எடுத்துக்கொண்டு ஓடுவாள் நம்ம ஆள். கடைசியில் ரோஸ்விதாவே, "அடுத்த தடவை பிரிக்கும்போது துணியைக் கிழிச்சுடாத, காசு ஜாஸ்தியாகும்" என்று சொன்னாளாம். கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். அப்படி ஒரு குளிரையும் சிரிப்பையும் பிறகு நான் பார்க்கவில்லை.

அதனால் கேட்டுவிட்டேன். "பத்திரத்தையே மாத்திட்டா, என்கூட அந்த அடுப்புல குளிர்காஞ்சானே, அந்தப் பையன நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

டோலரெஸுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"எங்கயும் வைக்க வேணாம். உன் எதிர்லதான் உக்காந்து உன் காப்பியக் குடிச்சிட்டிருக்கேன். அன்னைக்கும் நான்தான் குக்கோ. உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ரோஸ்விதாவுக்குத் தெரியும். வீட்டுக்குள்ள அவ என்னை டோலரெஸ்னுதான் கூப்பிட்டா, கடைசி மூச்சு வரைக்கும். வெளியிலதான் அவளுக்கு இன்னொருத்தன் பொண்டாட்டின்னு பட்டம்."

அன்றே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பட்டாளத்தில் யாருக்கும் முதற்பெயர் கிடையாது, குடும்பப் பெயர்தான். அந்தப் பழக்கத்தில் குயின்டானா, குயின்டானா என்றே எழுதித் தள்ளிவிட்டேன். வாண்டா திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த ஊர்ல கல்லை எறிஞ்சா ஒரு குயின்டானா மேல விழும். எந்தக் குயின்டானா? முழுப் பேரையும் போடுங்க சார்."

திரும்ப எழுதினேன். பயிற்சிக்காகக் காட்டுக்குள் போனபோது முன்னால் போன லாரி பனியில் உறைந்து நின்றது, பின்னால் வந்த வண்டியெல்லாம் மாட்டிக்கொண்டது, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அதன் அடியில் புகுந்து படுத்து அதைக் கிளப்பியவள் டோலரெஸ் குயின்டானா. நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதையும் கோணலாகப் பிடித்ததாக அவளிடம் திட்டு வாங்கினேன். இவ்வளவுதான் கடிதம். டோலரெஸ் என்று நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பழைய நாளில் அந்தப் பெயரை வைத்துப் பார்த்தேன், லாரி கிளம்பத்தான் செய்தது.

வருஷம் ஓடி, பத்திரம் வந்தது. சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, பதக்கம், லாரி மெக்கானிக் என்ற வேலை, எல்லாம் இருந்தபடியே. பெயர் மட்டும் டோலரெஸ் குயின்டானா. என் சமையலறையில் நின்று இரண்டு தடவை படித்தாள். "இப்ப கல்லு" என்றாள்.

பழைய கல்லைப் பிடுங்கிப் புதுக் கல்லை நட்டுவிட்டதாகத் தகவல் வந்த ஞாயிற்றுக்கிழமை, காரிலிருந்து இறங்குமுன் அவள் தன் கவுனை நீவிவிட்டுக்கொண்டாள். ரோஸ்விதாவின் அடக்கத்தன்று அவள் பழைய ஆண்பிள்ளைக் கோட்டு சூட்டில்தான் நின்றாள், அப்போது எல்லாக் காகிதத்திலும் அப்படித்தானே இருந்தது. அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கோட்டுக்குள் இருந்தவன் அழுதால் பொய்யாகப்போகும் என்று நினைத்தாளோ என்னவோ.

புதுக் கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே எவுலாலியாம்மாள் அதன் எதிரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரோஸ்விதா. டோலரெஸ் குயின்டானாவின் மனைவி." வாய்விட்டுப் படித்துவிட்டுத் திரும்பினாள். "உன் பேரு டோலரெஸ்தானே?"

"ஆமா."

"அப்ப அக்கா இல்லையா?"

"இல்ல எவுலாலியாம்மா. என் பொண்டாட்டி. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். கல்லுல வேற பேரு இருந்துச்சு, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்த அம்மாள் கையில் ஜெபமாலை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்குப் பதறியது. ஒரு சொல் தப்பாக வந்தாலும் விடுவதில்லை என்று சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டேன்.

"அப்ப இத்தனை நாளா நான் வாய்க்கு வந்தபடி திட்டுனேனே, அந்த மனுஷன்?"

"நான்தான்."

எவுலாலியாம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ தேவமாதாவே! ஒரு நாளும் வரலேன்னு திட்டுனேனே! நீ ஒரு ஞாயிறு தவறாம என் கண்ணு முன்னாலயே நின்னியே மகளே!"

பிறகு தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோஸ்விதாவின் கல்லுக்கு எதிரே விரித்தாள்.

"உக்காரு. நான் இத்தனை நாளும் அக்கா செத்ததுக்குல்ல ஆறுதல் சொல்லிட்டிருந்தேன். புருஷனப் பறிகொடுத்தவ நான். அது வேற, இது வேறன்னு எனக்குத் தெரியாதா? மொதல்லருந்து கேக்கணும்." டோலரெஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எப்படிப் போனா உன் பொண்டாட்டி? சொல்லு."

டோலரெஸ் சொல்ல வாயெடுத்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.