ஹக்கீம் வீட்டு இங்கிலீஷ்

ஆம்பூர் ஹக்கீம் முக்தார் அகமதுவின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் யாராவது இங்கிலீஷ் வார்த்தை பேசினால், அவருக்கு இரண்டாம் கரண்டி தால்சாக் குழம்பு கிடையாது. சட்டம் போட்டவர் ஹக்கீம்; கரண்டி மனைவி அக்தரி பேகத்தின் கையில். சட்டம் வந்த அன்றே அவள், “அப்போ ரயிலை இன்னான்னு சொல்றது?” என்று கேட்டாள். ஹக்கீம் தாடியை நீவியபடி யோசித்து, ரயிலுக்கும் கோர்ட்டுக்கும் பென்சிலுக்கும் விலக்கு அளித்தார். பெரிய மனசு!

அவர் பரம்பரை யூனானி வைத்தியர். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் கை வெந்து வருகிறவர்களுக்குக் களிம்பு, மற்றவர்களுக்கு லேகியம், எல்லாருக்கும் பொதுவாகத் திட்டு. அப்படிப்பட்டவர் மகள் பில்கிஸை வேலூருக்கு, பெண்கள் இங்கிலீஷ் வைத்தியம் படிக்கிற பள்ளிக்கு எப்படி அனுப்பினார்? மகள் அழுதாள், அக்தரி அவரோடு பேச்சை நிறுத்தினாள். எதற்கு மசிந்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ரம்ஜான் பெருநாள் விடுமுறைக்கு வந்த பில்கிஸ் வீடு முழுக்க எதையோ முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். திரும்பிப் போனதும் பரீட்சை. முன்பெல்லாம் அப்பா மருந்து இடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். அவருக்கு நாள் முழுவதிலும் இனிப்பான நேரம் அதுதான். அந்த ஆசையில் ஒரு நாள், “இன்னாம்மா படிக்கிறே?” என்று கேட்டார்.

“அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, அப்பாஜான்” என்றாள் அவள், தலையைக்கூடத் தூக்காமல்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று மருந்தோடு சேர்த்துக் கட்டைவிரலையும் இடித்துக்கொண்டார். படிப்பை முடித்து வரும்போது இவளோடு பேச எனக்கு ஒரு வார்த்தைகூட மிஞ்சாது என்று பயந்தார். பயத்தைச் சொல்ல வெட்கம், அதனால் கோபப்பட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அது சுலபம்.

புறப்படும் நாளன்று குதிரைவண்டிக்காரர் சாமுவேலின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததும் ஹக்கீம் வெளியே வந்தார்.

“பெட்டியை இறக்கு. படிச்சது போதும்.”

“நாளைக்குப் பரீட்சைங்க!” என்றாள் அக்தரி. “இன்னிக்கு ரயிலை வுட்டா அவ படிப்பே போச்சு. சாமுவேலு, நீ ஏத்து.”

“இறக்குன்றேன்!”

பெட்டி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. “யாராவது ஒருத்தர் சொல்லுங்க, சாயபு. எனக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்குது” என்றார் சாமுவேல்.

பில்கிஸ் வாதாடவில்லை. வண்டிக்குள் ஏறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பாடத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். பிடிவாதத்தில் அவள் அப்பனுக்குத் தப்பாத பெண்.

“குரோமோசோம். குரோமான்னா நிறம், சோமான்னா உடம்பு. புரோட்டோபிளாசம். புரோட்டோஸ்னா முதல், பிளாஸ்மான்னா பிடிச்சு வெச்ச உரு. மெலனின். மெலாஸ்னா கருப்பு...”

வைத்தியர் காது சும்மா இருக்குமா? “கருப்புக்கு இங்கிலீஷ்ல பிளாக்குதானே?” என்றார்.

“இது இங்கிலீஷ் இல்ல, அப்பாஜான். தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை இருக்கு, செல்லுன்னு பேரு. சுண்ணாம்புக் குழியில ஆட்டுத்தோலைப் போட்டா மயிரோட ஒரு கருப்பு கழண்டு போகுமே, அந்தக் கருப்பு அதுக்குள்ளதான் இருக்கு. பேரு வெச்சவங்க கிரீக்கு பாஷையில வெச்சாங்க.”

“கிரீக்கா? அது எந்த ஊரு?”

“அலெக்சாண்டர் ராஜா படை எடுத்து வந்தாரே, அந்தப் பக்கம்.”

“யாரு, சிக்கந்தர் பாதுஷாவா?” ஹக்கீமின் குரல் ஏறிவிட்டது. “அடியே, அது யூனான்! நம்ம யூனானி அங்கேர்ந்துதான் வந்தது!”

பில்கிஸ் வாயைப் பிளந்தாள். ஹக்கீம் ஜட்காவின் படியில் ஒரு காலை வைத்தார். “மனசு இருண்டு போய் மூலையில குந்திக்கிற நோய்க்கு நாங்க மாலிகோலியான்னு சொல்வோம். கரும்பித்தம் ஜாஸ்தியானா வர்றது.”

“மெலன்கோலியா!” என்று கத்தினாள் பில்கிஸ். “மெலாஸ்னா கருப்பு, கோலேன்னா பித்தம்! அதேதான் அப்பாஜான்! சளிக்கு இன்னா சொல்வீங்க?”

“பல்கம்.”

“ஃபிளெக்மா!”

இருவரும் பைத்தியம் பிடித்தாற்போல் சிரித்தார்கள். குதிரை மிரண்டு இரண்டடி நகர, ஹக்கீம் இன்னொரு காலையும் வண்டிக்குள் வைத்துவிட்டார்.

“ஏங்க, ரயிலு!” என்று அலறினாள் அக்தரி. “இறங்குறீங்களா, போறீங்களா?”

“போறேன். ஓட்டு, சாமுவேலு!”

ஸ்டேஷன் வரை வழியெல்லாம் அதே பேச்சு. அவர் ஒரு பேர் சொல்ல, அவள் ஒரு பேர் சொல்ல, பொருந்தாதவற்றுக்கும் சேர்த்துச் சண்டை. ரயில் வந்து அவள் ஏறிய பிறகுதான் ஹக்கீம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எனக்குப் புரியாதுன்னு சொன்னியே” என்றார்.

பில்கிஸ் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எனக்குத்தான் புரியல, அப்பாஜான். பக்ரீதுக்கு வர்றப்ப எல்லா வார்த்தையும் கொண்டாறேன். நீங்க மருந்து இடிங்க, நான் சொல்றேன்.”

“உங்க வாத்தியாரம்மாவுக்கு என் சலாம் சொல்லு. எங்க வூட்டுச் சொத்தைப் பத்திரமா வெச்சிருக்கீங்கன்னு சொல்லு.”

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் ஓயாமல் பேசினார். “புரோட்டோபிளாசம்” என்றார். அக்தரி கரண்டியைப் பின்னுக்கு இழுத்தாள்.

“ஊத்து, ஊத்து. அது யூனானி.”

ஊற்றினாள். குரோமோசோமுக்கும் ஊற்றினாள்.

“இதெல்லாம் அந்த செல்லுக்குள்ள இருக்குதாம்” என்றார் ஹக்கீம் உற்சாகத்தில்.

“செல்லு எந்த ஊரு வார்த்தை?”

அதை மட்டும் ஹக்கீம் கேட்டு வைத்துக்கொள்ள மறந்துவிட்டார். அக்தரி தால்சாச் சட்டியை மூடினாள். அந்தச் சட்டம் அவர்மேலேயே பாய்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் சண்டை போடாமல் விரலை நக்கிக்கொண்டு, “பக்ரீது எப்போ வருது?” என்று கேட்டார்.