முன்வரிசைக்காரி

மலைமேல் பள்ளியில் மகனுக்கு ஓர் இடம் வேண்டுமென்று ஃபிலிப்பா, தோட்டமும் மாடியுமாக இருந்த வீட்டை விற்றுவிட்டு, பள்ளி மதிலை ஒட்டிப் புறாக்கூண்டு மாதிரி ஒரு வீட்டை வாங்கியிருந்தாள். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்துதான் இடம் கொடுப்பார்கள். அவள் கணவர் நல்ல நெட்டை. புது வீட்டின் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாத நாளே இல்லை. மகன் படிப்புக்காக நெற்றி வீங்கிய தகப்பன் என்று அவள் வேலை பார்க்கும் செடிக்கடையில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

அதே கடையில் கல்லாவில் நிற்கும் க்ளெனிஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீடு ஊரின் மறுகோடியில்தான். ஆனால் அவள் மகள் ஜோடி தத்து வந்தவள். அரசாங்கப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அங்கிருந்து தத்துப் போனவர்களுக்கும்தான் பள்ளிகளில் முதல் இடம். மதிலும் தூரமும் அப்புறம்தான்.

"உனக்கென்னம்மா, லாட்டரி அடிச்ச மாதிரி," என்றாள் ஃபிலிப்பா, ரோஜாத் தொட்டிகளை அடுக்கிக்கொண்டே.

"ஆமா. அஞ்சு வயசுக்குள்ள நாலு வீடு மாறினா போதும், சீட்டு நிச்சயம். உன் பார்னபிக்கும் வேணும்னா சொல்லு, ஏற்பாடு பண்ணிடலாம்."

ஃபிலிப்பா அதற்கப்புறம் ரோஜாக்களோடு மட்டும் பேசினாள்.

க்ளெனிஸ் சொன்னது நியாயம்தான். ஆனால் அவளுக்கும் உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது. மலைமேல் பள்ளியின் நீலச் சீருடைக் கோட்டை மனதுக்குள் ஜோடிக்கு மாட்டிப் பார்ப்பதே சில மாதங்களாக அவள் பொழுதுபோக்கு. பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று, தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தவள் போல நீச்சல் குளத்தை எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். இந்தப் பெண்ணுக்கு எதுவுமே முதலில் கிடைத்ததில்லை, இதுவாவது கிடைக்கட்டும் என்று நெஞ்சார ஆசைப்பட்டாள்.

அக்டோபர் கடைசி நாள். சேர விரும்பும் பள்ளியின் பெயரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதற்கான கெடு அன்றோடு முடிகிறது. ஹாலோவீன் பண்டிகைக்காகப் பேய் வேஷம் போட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு மணியடிக்க, க்ளெனிஸின் கணவர் ட்ரெவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். பத்து வயது ஜோடி சூனியக்காரித் தொப்பியோடு சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, கால்வாய்ப் பள்ளின்னு போடுங்க."

"எது, அந்தக் கூரை ஒழுகுற பள்ளியா? அங்க சேர வரிசையே கிடையாதுடி. கதவத் திறந்து வெச்சுக்கிட்டு யாராவது வரமாட்டாங்களான்னு உக்காந்திருக்காங்க."

"எனக்கு அதுதான் வேணும்."

"தொப்பி ரொம்ப இறுக்குதுபோல. கழட்டிட்டுப் பேசு."

ஜோடி கழற்றவில்லை. "எனக்கு அடுத்த வருஷம் கேசி அங்கதான் சேரப்போறா."

கேசி, ஜோடியின் கூடப்பிறந்த தங்கை. இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ள ஒரே வீடு அமையாததால், கால்வாய்க்குப் பின்னாலுள்ள தெருவில் வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போனவள்.

"அவளுக்கும் முதல் இடம் உண்டே. அவ மலைமேல் பள்ளிக்கு வரட்டுமே," என்றாள் க்ளெனிஸ்.

"அவங்கம்மா கால்வாய்ப் பள்ளியிலதான் சமைக்கிறாங்க. அம்மா இல்லாத இடத்துல கேசி அரை நாள் நிக்கமாட்டா. உங்களுக்கே தெரியும்."

தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில் அக்காவும் தங்கையும் சந்திக்கும்போது, கேசி ஒரு கையால் பந்தையும் மறு கையால் அவளுடைய அம்மாவின் சட்டையையும் பிடித்திருப்பாள்.

"பௌலிங்ல பாதி நேரம் அவங்க குடுக்கற ஷூவ மாத்தவே போயிடுதும்மா."

க்ளெனிஸ் விடவில்லை. "கூடப்பிறந்தவங்க ஒரே பள்ளியில படிக்கத்தான் தனியா ஒரு விதி இருக்கே. கேசி சேந்ததும் மெதுவா அத வெச்சு நீயும் அங்க மாறி..."

"அது ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு மட்டும். படிச்சுப் பாத்துட்டேன்." ஜோடி தொப்பியை நிமிர்த்திக்கொண்டாள். "நான்தான் வரிசைல முதல்ல, எத வேணும்னாலும் கேக்கலாம்னு எல்லாரும் சொல்றீங்க. நான் கேக்கறது இதுதான்."

மிட்டாய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்த ட்ரெவர் மகளையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். "நீலக் கோட்டு உனக்கு வேணும்னா ஒண்ணு வாங்கிக்க க்ளெனிஸ். உனக்கு நல்லா இருக்கும்."

அவள் முறைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு கால்வாய்ப் பள்ளியின் பெயரைத் தட்டச்சு செய்து, கடைசிப் பொத்தானை ஜோடியையே அழுத்தச் சொன்னாள்.

மறுநாள் காலை கடையில் ஃபிலிப்பா காத்துக்கொண்டிருந்தாள். "மலைமேல்தான போட்ட?"

"இல்ல. கால்வாய்."

ஃபிலிப்பா கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தாள். "முதல் இடத்தக் கையில வெச்சுக்கிட்டா? ஏன்?"

"நாங்களும் தூரத்த அளந்துதான் பாத்தோம்," என்றாள் க்ளெனிஸ். "அவ தங்கச்சிக்கு அதுதான் பக்கம்."